ஆட்டிசம் உள்ள குழந்தையின் சாப்பாடு: பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காலையில் வீட்டில் மூடும் டிபன் பாக்ஸ் மதியம் பள்ளியில் திறக்கிறது. மூடியவருக்கு, திறந்தபோது என்ன நடந்தது என்று தெரியாது. திறக்கும்போது பக்கத்தில் இருப்பவருக்கு, உள்ளே ஏன் தினமும் அதே மூன்று பொருள் என்று தெரியாது. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான மனத்தாங்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

எல்லாப் பிள்ளைகளும்தான் சாப்பிட அடம் பிடிக்கிறார்கள். ஆட்டிசத்துக்கென்று தனியாக என்ன?

இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை புது உணவைக் கண்டால் பின்வாங்குவது பெரும்பாலான குழந்தைகளுக்கு இயல்பு. வளர வளரப் பட்டியல் நீளும். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலரிடம் அது நீளாமல் நின்றுவிடும், சிலரிடம் சுருங்கவும் செய்யும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, இவர்களுக்கு உணவுச் சிக்கல் வரும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளுக்கு இருப்பதைப் போல் ஏறக்குறைய 5 மடங்கு என்று கண்டது. கால்சியமும் புரதமும் குறைவாக உள்ளே போவதையும் அது காட்டியது.

ஒரு தாளை எடுத்துக் குழந்தை சாப்பிடும் உணவுகளை எண்ணிப் பாருங்கள். பொறுக்கிச் சாப்பிடும் சாதாரணக் குழந்தைகூட 30 வகையாவது சாப்பிடும். 20-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். இன்னோர் அடையாளமும் உண்டு. ஒரே உணவைத் தினமும் தின்று சலித்து நிறுத்திவிட்டால், மற்றக் குழந்தைகள் இரண்டு வாரம் கழித்து அதற்கே திரும்புவார்கள். இவர்களில் பலர் திரும்புவதில்லை, போனது போனதுதான். அதனால் புதியதைச் சேர்ப்பதைவிட, இருப்பதை இழக்காமல் காப்பதே முதல் வேலை.

காரணம் ஒன்றாக இருக்காது. நாக்கும் மூக்கும் காதும் மற்றவர்களைவிடக் கூர்மையாக இருக்கலாம். மாற்றம் என்றாலே பயமாக இருக்கலாம். மென்று புரட்டி விழுங்கும் திறன் முழுதாக வராமல் இருக்கலாம். வயிற்று வலி இருந்தும் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். பிஸ்கட்டை விரும்பிப் பழத்தை மறுப்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஒரே கொத்துத் திராட்சையில் ஒன்று இனிக்கும், ஒன்று புளிக்கும், ஒன்று வாயில் வைத்ததும் கொழகொழவென்று உடையும். பாக்கெட்டில் உள்ள பிஸ்கட் அத்தனையும் ஒரே மாதிரி நொறுங்கும்.

பசி வந்தால் தானாகச் சாப்பிடும், இரண்டு நாள் விட்டுப் பிடியுங்கள் என்கிறார்களே?

செய்யாதீர்கள். பசி, தாகம், வயிறு நிரம்பியது போன்ற உள்ளுணர்வுகளே சிலருக்குச் சரியாக எட்டுவதில்லை. பசி தெரிந்தாலும், தட்டில் இருப்பது அவர்கள் கண்ணுக்கு உணவாகவே படாது. பட்டினி போட்டால் எடை குறையும், உடலில் நீர் வற்றும், கூடவே உங்கள்மேல் இருந்த நம்பிக்கையும் போகும்.

எங்கிருந்து தொடங்குவது?

மருத்துவரிடமிருந்து. நடத்தை, பழக்கம் என்று பேசுவதற்கு முன்னால் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மலச்சிக்கல் இவர்களிடம் அதிகம். குடல் நிரம்பியிருக்கும் குழந்தைக்குப் பசிக்காது. நெஞ்செரிச்சல், சொத்தைப் பல், பெரிதான டான்சில், உணவு ஒவ்வாமை, இரும்புச்சத்துக் குறைவு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிடும்போது முதுகை வளைப்பது, வயிற்றை மேசை விளிம்பில் அழுத்துவது, இரண்டு வாய்க்குப் பிறகு எழுந்து ஓடுவது எல்லாம் வலியின் மொழியாக இருக்கலாம். இவற்றை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் ஆசிரியர்தான். அவர் தேதியோடு எழுதிக் கொடுக்கும் நான்கு வரி மருத்துவருக்கு மிகவும் உதவும்.

மாத்திரைகளையும் மறக்க வேண்டாம். கவனக்குறைவுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் மதிய வேளையில் பசியை அடக்கும். அந்தக் குழந்தை பள்ளியில் சாப்பிடாதது யார் குற்றமும் இல்லை. மாத்திரைக்கு முன்னால் நல்ல காலை உணவும், அதன் வேகம் குறைந்த மாலையில் இன்னொரு நல்ல உணவும் என்று நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். கடும் எரிச்சலையும் ஆவேசத்தையும் குறைக்கத் தரும் ரிஸ்பெரிடோன் இதற்கு நேரெதிர், பசியைக் கூட்டும். எந்த மருந்து, எத்தனை மணிக்கு என்பது பள்ளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் சந்திப்பில் என்ன பேசுவது?

அரை மணி நேரம் போதும். வகுப்பாசிரியரோடு, மதியம் உண்மையில் குழந்தையின் அருகில் இருப்பவரும் வர வேண்டும். இது பெரும்பாலும் உதவியாளர். அவரை விட்டுவிட்டுப் போடும் திட்டம் தாளோடு நின்றுவிடும்.

பெற்றோர் ஒரு பட்டியல் கொண்டுவரட்டும். எப்போதும் சாப்பிடுவது, சில நாள் சாப்பிடுவது, முன்பு சாப்பிட்டு விட்டுவிட்டது என்று மூன்று பத்திகள். ‘ரொட்டி’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எந்த பிராண்டு, ஓரம் வெட்டியதா, முக்கோணமா சதுரமா, சூடா ஆறியதா, எந்தத் தட்டில், கையாலா கரண்டியாலா, யார் கொடுத்தால் என்பதுவரை எழுதுங்கள். அதிகப்படியாகத் தோன்றும். ஆனால் குழந்தை சாப்பிடுவது ரொட்டியை மட்டுமல்ல, இந்த விவரங்களையும் சேர்த்துத்தான். பள்ளியும் தன் பங்குக்கு மணி எத்தனை, எந்த அறை, எத்தனை பேர், எவ்வளவு நேரம், யார் பரிமாறுகிறார் என்று சொல்ல வேண்டும்.

எழுந்து போவதற்கு முன் ஒரே ஓர் இலக்கில் உடன்படுங்கள். ‘காய்கறி சாப்பிட வேண்டும்’ என்பது இலக்காகாது, அது ஆசை. ‘பெட்டியைத் தானே திறந்து 10 நிமிடம் மேசையில் உட்கார வேண்டும்’ என்பது இலக்கு, அதை எண்ணிப் பார்க்க முடியும். 4 முதல் 6 வாரம் அதையே பிடித்துக்கொண்டிருங்கள். இடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10 நிமிடம் தொலைபேசியில் பேசினால் போதும்.

தினமும் என்ன எழுதி அனுப்புவது? ஆசிரியருக்கு நேரமில்லையே.

ஒரு நிமிட வேலைதான். உள்ளங்கை அளவுச் சீட்டை டிபன் பாக்ஸோடு ரப்பர் பேண்டு போட்டு அனுப்புங்கள். நேரம், இடம், எது எவ்வளவு, தண்ணீர், வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்ததா என்ற ஐந்தும் இருந்தால் போதும். இப்படி:

‘12.35, வகுப்பறை. ரொட்டி 4 துண்டில் 3. ஆப்பிள் தொடவில்லை, ஓரம் பழுப்பாகியிருந்தது. தண்ணீர் பாட்டிலில் போட்ட கோட்டுக்கு மேலேயே. வெளியே வாத்தியப் பயிற்சி, காதைப் பொத்திக்கொண்டான்.’

அதே நாளை ‘இன்றும் சரியாகச் சாப்பிடவில்லை’ என்றும் எழுதலாம். அதைப் படிக்கும் தாய்க்குக் குற்ற உணர்வு மட்டும்தான் மிஞ்சும். முதல் சீட்டைப் படித்தவருக்கு மூன்று செய்தி கிடைக்கிறது. ஆப்பிள் பிடிக்காமல் போகவில்லை, பழுப்பு நிறம்தான் பிடிக்கவில்லை. சத்தம் கூடிய நாளில் உணவு குறைகிறது. தண்ணீர் தனிப் பிரச்சினை. ‘நன்றாக’, ‘மோசமாக’ என்ற சொற்களை விலக்கிவிட்டு, எத்தனையில் எத்தனை என்று எழுதுங்கள். மீதியைக் கொட்டாமல் பெட்டியிலேயே திருப்பி அனுப்புவதும் தகவல்தான். சுத்தமாகக் கழுவி வரும் பெட்டியைப் பார்த்து வீட்டில் எதுவும் தெரிந்துகொள்ள முடியாது.

வீட்டிலிருந்தும் காலையில் ஒரு வரி வர வேண்டும்: இரவு தூங்கினானா, காலையில் என்ன உள்ளே போனது, மலம் கழித்தானா. இந்தச் சீட்டைக் குழந்தையின் முன்னால் சத்தமாகப் படிக்காதீர்கள்.

வீட்டில் ஆசையாகச் சாப்பிடும் அதே உணவு பள்ளியிலிருந்து அப்படியே திரும்பி வருகிறது. ஏன்?

அது அதே உணவு இல்லை என்பதால். வீட்டில் சுடச்சுடத் தட்டில் வைத்ததை இப்போது ஐந்து மணி நேரம் மூடி வைத்திருக்கிறீர்கள். ஒரு விடுமுறை நாளில் சோதித்துப் பாருங்கள். பள்ளி நாள்போலவே காலையில் பெட்டியை நிரப்பி மூடி, பைக்குள் வைத்துவிடுங்கள். மதியம் நீங்களே திறங்கள். முதலில் மணத்தைப் பாருங்கள், எல்லா உணவின் வாடையும் ஒன்றாகக் கலந்து முகத்தில் அடிக்கும். மூடியின் உட்புறம் வியர்த்திருக்கும், அந்த நீர் சொட்டி மொறுமொறுப்பானது நமுத்திருக்கும். சோறு விறைத்து உதிரும். வறுத்த உருளைக்கிழங்கு தோல்போல் இழுபடும். ஈரமான ஒன்று சாய்ந்து பக்கத்து உணவைத் தொட்டிருக்கும். இந்தக் குழந்தைகள் பலருக்கு ‘தொட்டுவிட்டது’ என்பது ‘கெட்டுவிட்டது’ என்பதற்குச் சமம்.

தீர்வும் அங்கேயே இருக்கிறது. சூடான உணவை ஆவி அடங்கும்வரை திறந்து வைத்துவிட்டு மூடுங்கள். சூடாகவே இருந்தாக வேண்டுமென்றால், வெந்நீர் ஊற்றி 10 நிமிடம் வைத்துச் சூடாக்கிய பிளாஸ்க்கில் போடுங்கள். மொறுமொறுப்பானதைத் தனி டப்பாவில் வையுங்கள். தடுப்புள்ள பெட்டியைவிட, தனித்தனி மூடியுள்ள சிறு டப்பாக்கள் மேல், ஏனென்றால் வாடை தடுப்பைத் தாண்டிவிடும். வாங்கிய மூடியைக் குழந்தையால் ஒற்றையாகத் திறக்க முடிகிறதா என்றும் பாருங்கள். மூடி திறக்க முடியாமல், உதவி கேட்கவும் தெரியாமல், பசியோடு உட்கார்ந்துவிட்டுத் திரும்பும் குழந்தைகள் உண்டு.

சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழையவே மறுக்கிறாள்.

அங்கே ஐந்து நிமிடம் கண்ணை மூடி நின்று பாருங்கள். நாற்காலி இழுபடும் ஓசை, எஃகுத் தட்டுகளின் மோதல், நூறு குரல், இருபது விதமான வாசனை. சில மாற்றங்களுக்குச் செலவே இல்லை. கூட்டம் வருவதற்கு 10 நிமிடம் முன்னால் அவளை அனுப்பலாம். சமையல் வாசலுக்கும் கழுவும் தொட்டிக்கும் தள்ளி, முதுகு சுவரைப் பார்த்திருக்கும் ஓர் இடத்தைத் தினமும் அவளுக்கே தரலாம். சத்தம் குறைக்கும் காதுறை சிலருக்கு உதவும். வேறு சிலருக்கு அதை மாட்டினால் தான் மெல்லும் சத்தமே தலைக்குள் இடிப்பதுபோல் பெரிதாகக் கேட்கும். போட்டுப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

உட்காரும் விதத்தை யாரும் கவனிப்பதில்லை. கால் தரையில் படாமல் தொங்கினால், விழாமல் உட்கார்வதற்கே உடலின் கவனம் போய்விடும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணத்தில் மடங்கி, பாதம் எதன்மேலாவது ஊன்றி, மேசை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு சிறு பலகையோ உறுதியான பெட்டியோ காலுக்கடியில் போட்டால் போதும்.

வகுப்பறையில் தனியாகச் சாப்பிட வைப்பது தவறா என்று கேட்பார்கள். முதலில் வயிறு நிறையட்டும். பிறகு ஒரு தோழியைச் சேர்க்கலாம், பிறகு இரண்டு பேரை. ஆனால் அதைத் தண்டனை இடமாக்கிவிடாதீர்கள்.

‘ஒரே ஒரு வாய்’ என்று ஆசிரியர் சொல்லக் கூடாதா? அன்பாகத்தானே சொல்கிறோம்.

அன்பு புரிகிறது. ஆனால் அந்த ஒரு வாய் முடிந்ததும் ‘இன்னும் ஒன்று’ வரும் என்பதைக் குழந்தை மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிடும். அதற்குப் பிறகு மேசையே பேரம் பேசும் இடம். பதற்றம் கூடினால் பசி அடங்கும், வாய் இறுகும். வீட்டில் வற்புறுத்தாமல் பள்ளியில் வற்புறுத்தினால், அல்லது மாறி நடந்தால், இரண்டு இடத்திலும் பலன் இராது. ஒரே ஏற்பாடு, ஒரே வாசகம் வேண்டும்.

ஏற்பாடு எளிது. என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்வார்கள். சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் முடிவு. வாசகங்களையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘இது உன் தட்டில் இருக்கலாம், சாப்பிட வேண்டியதில்லை.’ ‘வேண்டாமென்றால் இந்தக் கிண்ணத்தில் வைத்துவிடு.’ ‘போதுமா? மூடிவிடலாம்.’ உணவைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அது எப்படி இருக்கிறது என்று பேசுங்கள்: இது ‘டக்’ என்று உடைகிறது, இது வழவழப்பாக இருக்கிறது. ‘ருசியாக இருக்கும் பார்’ என்பது வாக்குறுதி. ருசிக்காவிட்டால் நீங்கள் பொய் சொன்னதாகிவிடும். சாப்பிட்டுவிட்டால் கைதட்டி வகுப்பையே திரும்பிப் பார்க்க வைப்பதும் சிலருக்குத் தண்டனைதான்.

புது உணவை யார் அறிமுகப்படுத்துவது, வீடா பள்ளியா?

இரண்டில் ஒன்று, ஒரே சமயத்தில் இரண்டும் இல்லை. வீட்டில் நிதானம் இருந்தால் வீடு தொடங்கட்டும். சக பிள்ளைகளைப் பார்த்துச் செய்யும் குழந்தையென்றால் பள்ளி தொடங்கட்டும். எதுவானாலும் மதிய உணவு வேளை இதற்கு வேண்டாம். மதிய வேளை வயிற்றுக்கு. பழகிப் பார்ப்பதற்கு வாரம் இரண்டு முறை, 10 நிமிடம், வேறொரு மேசை என்று தனி நேரம் ஒதுக்குங்கள்.

அளவு பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம். படிகள் இப்படிப் போகும்: அறைக்குள் அந்த உணவு இருப்பதைப் பொறுப்பது, மேசைமேல் இருப்பதைப் பொறுப்பது, பக்கத்துத் தட்டில், தன் தட்டில், கரண்டியால் நகர்த்துவது, விரலால் தொடுவது, முகர்வது, உதட்டில் வைப்பது, நக்குவது, கடித்துத் துப்புவது, மெல்வது, விழுங்குவது. ஒரு படியில் மூன்று வாரம் நின்றாலும் நஷ்டமில்லை. துப்பும் உரிமையைக் கட்டாயம் கொடுங்கள், அதற்கென்று ஒரு காகிதக் கைக்குட்டை அருகில் இருக்கட்டும். துப்பலாம் என்று தெரிந்த குழந்தைதான் வாயில் வைக்கும்.

சாதாரணமாக ஒரு குழந்தை புது உணவை ஏற்க 10 முதல் 15 முறை பார்க்க வேண்டியிருக்கும். இவர்களுக்கு அதற்கும் மேலே போகும். மூன்று முறை வைத்துப் பார்த்தோம், பிடிக்கவில்லை என்று நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

எந்த உணவைத் தேர்ந்தெடுப்பது? குழந்தை ஏற்கெனவே நம்பும் ஒன்றின் பக்கத்து வீட்டுக்காரனை. ஒரு குறிப்பிட்ட பிராண்டு உருளைக்கிழங்கு சிப்ஸ் மட்டும் சாப்பிடுகிறான் என்றால், முதலில் வேறு பிராண்டு சிப்ஸ். பிறகு கொஞ்சம் தடித்த சிப்ஸ். பிறகு அடுப்பில் மொறுமொறுப்பாகச் சுட்ட மெல்லிய வில்லை. பிறகு விரல் நீளத் துண்டு, வெளியே மொறுமொறு, உள்ளே மென்மை. ஒவ்வொரு முறையும் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்: வடிவம் அல்லது நிறம் அல்லது சூடு. இரண்டை மாற்றினால் எது தடுத்தது என்று தெரியாது. சிப்ஸிலிருந்து நேராக வேகவைத்த கேரட்டுக்குத் தாண்டச் சொல்வது கிணற்றைத் தாண்டச் சொல்வதுபோல.

வீட்டில் ஐந்தாறு முறை நிம்மதியாகச் சாப்பிட்ட பிறகுதான் அது டிபன் பாக்ஸுக்குள் போகலாம். அப்போதும் பழைய உணவு முழு அளவில் கூடவே இருக்க வேண்டும்.

பிடித்த உணவுக்குள் காய்கறியை அரைத்து ஒளித்துக் கொடுக்கலாமா?

கண்டுபிடிக்காதவரை நல்லதுதான். கண்டுபிடித்த அன்று அந்தப் பிடித்த உணவும் பட்டியலிலிருந்து போய்விடும், இந்த நாக்குகள் கண்டுபிடித்துவிடும். மாத்திரையைத் தூள் செய்து தயிரில் கலப்பதும் இப்படித்தான். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் குழந்தை பார்க்கச் சேருங்கள், கால் தேக்கரண்டியில் தொடங்குங்கள்.

பரிசு கொடுக்கலாமா?

‘இதைச் சாப்பிட்டால் சாக்லெட்’ என்றால், இது கஷ்டம், சாக்லெட்தான் பரிசு என்று நீங்களே சொல்லிக்கொடுக்கிறீர்கள். உணவுக்கு உணவைப் பரிசாக்க வேண்டாம். பழகிப் பார்க்கும் நேரத்தில் ஒரு படியை முயன்றதற்கு ஸ்டிக்கரோ, பிடித்த விளையாட்டில் இரண்டு நிமிடமோ கொடுக்கலாம். விழுங்கியதற்கு என்று வைக்காதீர்கள், முயன்றதற்கு வையுங்கள்.

பள்ளியில் எல்லாம் சாப்பிடுகிறான், வீட்டில் மூன்றுதான். நாங்கள் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோமா?

இல்லை. பள்ளியில் ஒரே மணி, ஒரே இடம், எதிரில் சாப்பிடும் பிள்ளைகள். அந்த ஒழுங்கே சிலருக்குத் தைரியம். வேறு சிலர் பள்ளியில் நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தளர்ந்துவிடுகிறார்கள், புதிதாக ஒன்றைத் தாங்கும் தெம்பு மாலையில் இருக்காது. இதைப் பள்ளி பெருமையாகச் சொல்லிக்காட்டினால் பெற்றோர் பேசுவதையே நிறுத்திவிடுவார்கள். ‘எங்களிடம் சாப்பிடுகிறானே’ என்பதற்குப் பதிலாக, அங்கே தட்டு எது, பக்கத்தில் யார், எத்தனை நிமிடம் என்று எழுதித் தாருங்கள். அதை வீட்டில் முயன்று பார்க்கலாம்.

காலையில் அனுப்பிய தண்ணீர் பாட்டில் நிறைந்தே வருகிறது.

பாட்டிலைப் பார்க்காதீர்கள், கழிப்பறையைப் பாருங்கள். கை உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சல், திடீரென்று பீறிடும் ஃபிளஷ், ஈரத் தரை, வாடை. இவற்றுக்குப் பயந்து, போக வேண்டிவராமல் இருக்கவே குடிப்பதையும் சாப்பிடுவதையும் நிறுத்திக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. நீர் குறைந்தால் மலம் இறுகும், மலம் இறுகினால் பசி போகும். கூட்டமில்லாத நேரத்தில் வேறொரு கழிப்பறைக்கு அழைத்துப் போவது பல சமயம் மதிய உணவையே திருத்திவிடும். பாட்டிலில் மூன்று இடத்தில் டேப் ஒட்டி ‘முதல் இடைவேளை, மதியம், கிளம்பும் முன்’ என்று எழுதுங்கள். தாகம் தெரியாத குழந்தைக்குக் கோடு தெரியும்.

எங்கள் பள்ளியில் சிப்ஸ், பிஸ்கட் தடை. ஒருவருக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் மற்றவர்கள் கேட்பார்களே?

கேட்பார்கள். கண்ணாடி போட்ட பிள்ளையைக் காட்டி எனக்கும் வேண்டும் என்று கேட்டால் சொல்லும் பதிலையே சொல்லுங்கள். விலக்கை எழுத்தில் வையுங்கள், மதியம் மாற்று ஆசிரியர் வந்தால் அவர் கண்ணிலும் படும் இடத்தில். ஒரு நாள் பெட்டியிலிருந்து பிடுங்கப்பட்ட உணவை அந்தக் குழந்தை மறுபடி பள்ளியில் தொடாமல் போகலாம்.

இதைவிட நுட்பமான ஆபத்து பாடத்தில் இருக்கிறது. ‘நல்ல உணவு, கெட்ட உணவு’ என்று படம் ஒட்டச் சொல்லும் வகுப்பை இவர்கள் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்வார்கள். கெட்டது என்ற பக்கத்தில் ஒட்டிய பிஸ்கட்டை மறுநாளே நிறுத்திவிட்டு, பட்டியலில் எட்டு இருந்ததை ஏழாக்கிவிடுவார்கள். அந்தப் பாடம் வருவதற்கு முன் வீட்டுக்குச் சொல்லுங்கள். ‘உடலுக்கு வெவ்வேறு உணவு வெவ்வேறு வேலை செய்கிறது’ என்று பாடத்தை மாற்றியும் நடத்தலாம்.

வகுப்பில் பிறந்தநாள் இனிப்பு கொடுக்கும்போது?

அவளுக்குப் பிடித்த ஏதோ ஒன்று சிறு டப்பாவில் ஆசிரியரின் அலமாரியில் எப்போதும் இருக்கட்டும். எல்லோருக்கும் கொடுக்கும்போது அவளுக்கு அது.

சாப்பிடும்போது ஓங்கரிக்கிறான். பயமாக இருக்கிறது.

ஓங்கரிப்பது வேறு, தொண்டை அடைப்பது வேறு. ஓங்கரிக்கும்போது சத்தமும் இருமலும் வரும், கண்ணில் நீர் வரும், உடல் தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. முகத்தில் பதற்றம் காட்டாமல் காத்திருங்கள். அடைத்துக்கொண்டால் சத்தம் வராது, இருமவும் முடியாது, உதடு நீலமாகும். அப்போது தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் 5 முறை வரை பலமாகத் தட்டி, வெளிவராவிட்டால் வயிற்றில் 5 முறை வரை உள்ளும் மேலுமாக அழுத்த வேண்டும் (ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு), அடைப்பு விலகும்வரை இரண்டையும் மாற்றி மாற்றி. உடனே அவசர உதவியையும் அழைக்க வேண்டும். இதை நேரில் பயிற்சி பெற்ற ஒருவர் மதிய வேளையில் அந்த அறையில் இருக்க வேண்டும்.

வாய் நிறையத் திணித்துக்கொள்ளும் குழந்தைகளுக்கு, வாயில் எவ்வளவு இருக்கிறதென்று உணராததே பல நேரம் காரணம். ஒரு முறைக்கு இரண்டு துண்டு மட்டும் தட்டில் வையுங்கள், விழுங்கிய பிறகு அடுத்த இரண்டு. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள், குறுக்கே வெட்டிய வட்டம் மூச்சுக்குழாயை அடைக்கும்.

மண், சுண்ணாம்பு, காகிதம் போன்ற உணவல்லாதவற்றைத் தின்றால் இரும்புச்சத்து, ஈய அளவு இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

பாலும் வைட்டமின் மருந்தும் கொடுத்துச் சமாளிக்கலாமா? கோதுமை, பாலை நிறுத்தினால் ஆட்டிசம் குறையுமா?

சின்னக் குழந்தை நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடித்தால் வேறு எதற்கும் வயிற்றில் இடமிருக்காது, இரும்புச்சத்தும் குறையும். உணவுக்கும் உணவுக்கும் நடுவே இரண்டரை, மூன்று மணி நேரம் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். இதைப் பள்ளியும் கடைப்பிடிக்க வேண்டும். பதினொரு மணிக்கு அழுகையை நிறுத்தப் பிஸ்கட் கொடுத்துவிட்டு மதியம் சாப்பிடவில்லை என்று எழுதுவது நியாயமில்லை. வைட்டமின் எது, எவ்வளவு என்பதைப் பரிசோதனைக்குப் பிறகு மருத்துவர் சொல்லட்டும்.

குளூட்டனும் (கோதுமையில் உள்ள புரதம்) பால் புரதமும் இல்லாத உணவு ஆட்டிசத்தின் அடிப்படைக் கூறுகளை மாற்றுகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை. பத்து உணவு சாப்பிடும் குழந்தையிடமிருந்து நான்கைப் பறிப்பதில்தான் அது முடியும். குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் என்ற சந்தேகம் இருந்தால் குளூட்டனை நிறுத்துவதற்கு முன்பே பரிசோதிக்க வேண்டும். நிறுத்திவிட்டால் முடிவு தவறாக வரும்.

எப்போது நிபுணரிடம் போவது?

எடை குறைந்தாலோ மாதக்கணக்கில் ஏறாமல் நின்றாலோ, ஓர் உணவு வகையே முழுதாக இல்லாமல் போனாலோ, பட்டியல் பத்துக்கும் கீழே இறங்கினாலோ, சாப்பிடும்போது இருமலும் சளிக் குரலும் வந்து அடிக்கடி மார்புச் சளி பிடித்தாலோ தள்ளிப்போட வேண்டாம். பழமும் காயும் அறவே இல்லாத குழந்தை நொண்டி நடந்தாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி என்று சந்தேகிக்க வேண்டும். கால் எலும்பை மட்டும் படமெடுத்துவிட்டு இதைத் தவறவிடுவதுண்டு. குடிப்பதையே நிறுத்தினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

எடை, சத்து, அன்றாட வாழ்க்கை ஆகியவற்றைப் பாதிக்கும் அளவுக்கு உணவைத் தவிர்ப்பது, அதுவும் உடல் பருமனைப் பற்றிய பயம் இல்லாமலே தவிர்ப்பது, ‘ஆர்ஃபிட்’ என்று தனி நோயறிதலாக 2013-இல், மனநல மருத்துவர்கள் நோயறிதலுக்குப் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேட்டில் சேர்ந்தது. இந்தப் பெயர் கிடைத்தால் பள்ளியில் விலக்குகள் பெறுவது சுலபமாகலாம். பதின்ம வயதில், குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம், எடையைப் பற்றிய பேச்சும் கலோரிக் கணக்கும் தொடங்கினால் அது வேறு கதை. அதற்கு மனநல மருத்துவர் வேண்டும். எடையை மாதம் ஒருமுறை, ஒரே எடைக்கருவியில், வகுப்புக்கு முன்னால் இல்லாமல் பாருங்கள்.

பேச்சு–விழுங்கல் சிகிச்சையாளர், அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், உணவியலாளர் மூவரும் தனித்தனியாக மூன்று திட்டம் கொடுத்தால், ஒருவரை ஒருவர் அழைத்துப் பேசச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

வகுப்பு மாறுகிறது, புது ஆசிரியர். எல்லாம் முதலிலிருந்தா?

கொஞ்சம் பின்வாங்கும், எதிர்பாருங்கள். நீண்ட விடுமுறைக்கும் காய்ச்சலுக்கும் பிறகும் அப்படித்தான். அந்த முதல் இரண்டு வாரம் புது உணவு எதையும் தொடங்க வேண்டாம், நம்பும் உணவு மட்டும். பழைய ஆசிரியர் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கட்டும்: எந்த இடம், எந்த வாசகம், எதைச் சொல்லவே கூடாது, எந்த டப்பாவை யார் திறக்கலாம். பள்ளி திறப்பதற்கு முன் ஒரு நாள், ஆளில்லாத அந்த அறைக்கு டிபன் பாக்ஸோடு குழந்தையை அழைத்துப் போய், புது மேசையில் உட்கார வைத்து, மூடியைத் திறந்து மூடச் சொல்லுங்கள். சாப்பிட வேண்டியதில்லை.

பிடித்த பிஸ்கட்டின் பாக்கெட் வடிவம் மாறிவிட்டாலும் இதே நிதானம்தான். பழைய பாக்கெட் ஒன்றின் மேல் ஓரத்தை மட்டும் வெட்டித் தட்டையாக எடுத்து வையுங்கள், புதியது வந்தால் அதற்குள் போட்டுக் கொடுக்கலாம். பள்ளியிலும் ஒன்று இருக்கட்டும்.